கையை ஊன்றாமல் எழுந்து பார்

மகனே,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். உனக்கு எத்தனை வயதோ அத்தனை வருஷமாக ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நேற்றுத் தபாலில் உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உன் அத்தை புருஷன் தன் கையாலேயே விலாசம் எழுதி அனுப்பியிருக்கிறார். தை மாதம் முகூர்த்தம். பெண் உன் அத்தையின் மூத்த மகள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாள் குறித்தவர்கள், என் பெயரை அச்சடிக்க மட்டும் மறக்கவில்லை. பெயருக்குப் பின்னால் எல்.எம்.பி. என்ற வைத்தியப் பட்டத்தின் மூன்று எழுத்தையும் விடவில்லை. அந்த மூன்றெழுத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே தாலுகா ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். என்னைவிடப் பெரிய பட்டம் வாங்கிய பொடியன்கள் என் தலைக்கு மேல் ஏறிப் போனார்கள். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அந்த எழுத்துக்கு மதிப்பு வந்துவிடுகிறது. படித்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அரை மணி நேரத்தில் அது வடிந்து, அதற்கு அடியில் கிடந்தது தெரிந்தது. அது பயம். ஐப்பசி மாதத்திலிருந்து அதனோடுதான் சாப்பிடுகிறேன், அதனோடுதான் நோயாளிகளைப் பார்க்கிறேன்.

ஐப்பசியில் புதுச்சத்திரம் பக்கம் காலரா கண்டதால் ஊசி போட என்னை அனுப்பியிருந்தார்கள். நான்கு வருஷமாக நீயும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் நீ சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் பஸ் ஓட்டுகிறாய் என்பதும், யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் உன் முதலாளி கரி வாயுவில் ஓட்டுவதற்காகப் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டிவிட்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அடுப்புக்குக் கரி போட உன் பஸ் புதுச்சத்திரத்தில் நிற்கும் என்பது மட்டும் தெரியாது. ஊசிப் பெட்டியோடு ஒரு டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்து நின்றது. நீ டிரைவர் கதவைத் திறந்து, வலது காலைக் கீழே வைத்தாய். பிறகு இடது காலை இறக்கினாய். அது தரையில் பட்டதும் உன் இடது கை தானாகப் போய் முழங்காலுக்கு மேலே, தொடையின் முன்பக்கத்தில், உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டது. அப்படி அழுத்தியபடியே இரண்டு அடி நடந்தாய்.

உன் கண்டக்டர் பின்னால் இருந்து கத்தினான். "ஏனுங்க, துரை எறங்கீட்டாருங்களா? எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா. துரை நடக்கறாரு." பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "இது எங்க ஊட்டு நடைடா. எங்க தாத்தன் குடுத்தது. நீ பத்து வருசம் பழகினாலும் உனக்கு வராது" என்றாய். "எனக்கு எதுக்குங்க அந்தக் கருமம், நான் ரெண்டு காலுலயே நடந்துக்கறேன்" என்றான் அவன். கூட்டத்தில் ஒரு கிழவி, "சாமி, பாத்து எறங்கு, பள்ளமாக் கெடக்குது" என்றாள். அந்தக் கிழவிக்கு இருந்த அக்கறைகூட உன்னைப் பெற்ற எனக்கு இல்லை. நான் தட்டியை விட்டு வெளியே வரவில்லை. என் டீ ஆறிப்போயிற்று. பஸ் கிளம்பி, கரிப்புகை அடங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ பெருமையாகச் சொன்ன அந்த நடை உன் தாத்தாவுடையது. நாற்பது வயதுக்கு மேல் என் அப்பா அப்படித்தான் நடந்தார். வலது உள்ளங்கையைத் தொடையில் பதித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, ஒவ்வோர் அடியையும் நிதானமாக எடுத்து வைப்பார். அம்மாபேட்டையில் நம் நெசவுத் தெருவில் அதற்குத் துரை நடை என்று பெயர் வைத்தார்கள். முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். போகப்போக அது மரியாதையாகிவிட்டது. மற்ற தறிக்காரர்கள் குனிந்து ஓடுகிற தெருவில் இவர் மட்டும் அவசரமில்லாமல் நடந்தார் அல்லவா? எங்கள் வீட்டுக்கே துரை வீடு என்று ஆயிற்று. உன் பெரியப்பா, என் ஒரே அண்ணன், முப்பது வயதிலேயே அப்படி நடக்கத் தொடங்கியபோது, "அப்பனை அச்சா உரிச்சு வெச்சிருக்குது" என்று மெச்சினார்கள். பெண் கேட்டு வந்தவர்கள்கூட அதை ஒரு லட்சணமாகப் பேசினார்கள். ஐந்து வயதில் நீ தாத்தாவுக்குப் பின்னால் தொடையில் கை வைத்து நடந்து காட்டினாய். வீடே சிரித்துக் கொண்டாடியது. நானும் சிரித்தேன். என்ன என்று தெரிந்திருந்தும் சிரித்தேன். உன் கையைத் தட்டிவிட்டு, நேராக நட என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், இன்றைக்கு உன்னைப் பார்த்ததும் எனக்கு உண்மை தெரிந்திருக்கும். இப்போது தெரியவில்லை. நீ பழக்கத்தில் கை வைக்கிறாயா, வைக்காவிட்டால் விழுந்துவிடுவாய் என்று வைக்கிறாயா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் ஐப்பசியிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பிணம் அறுக்கிற படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறினாய். அந்தப் பிணம்தான் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது என்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேள். பட்டணத்தில் வைத்தியப் பள்ளியில் முதல் வருஷம் எனக்கு அறுக்கக் கொடுத்தது ஒரு தொடை. யாரும் வந்து கேட்காத ஒரு கூலிக்காரனின் உடம்பு. தோலையும் கொழுப்பையும் விலக்கினால், முன்பக்கம் முழுவதையும் ஒரே பெரிய தசை மூடியிருக்கிறது. உடம்பிலுள்ள பலமான தசைகளில் அது ஒன்று. அதற்கு நான்கு தலைகள். தசைக்குத் தலை என்றால் அது எலும்பில் பிறக்கும் இடம். ஒரு தலை இடுப்பெலும்பில் பிறந்து தொடையின் நடுவில் நேராக இறங்குகிறது. மற்ற மூன்றும் தொடையெலும்பிலேயே பிறக்கின்றன: வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் முதல் தலைக்கு அடியில் மறைந்து ஒன்று. நான்கும் முழங்காலுக்கு மேலே ஒரே நாணாகச் சேர்கின்றன. அந்த நாண் முட்டிச் சில்லைத் தனக்குள் வைத்துக்கொண்டு, முழங்காலைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பின் முகப்பில் போய் ஒட்டுகிறது. நம் வீட்டுத் தறியில் கயிறு கப்பியின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கி இழுக்குமே, அந்தக் கப்பியின் வேலையைத்தான் முட்டிச் சில்லு செய்கிறது. பாடம் நடத்தியவர் ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் சொன்னார். நான் நான்கு பாவு நூல் ஒரே தறியில் இறங்குவதாக நினைத்துக்கொண்டேன். பிறகு மறக்கவே இல்லை.

அந்தத் தசையின் முக்கியமான வேலை ஒன்றுதான். மடங்கிய முழங்காலை நீட்டுவது. இடுப்பில் பிறந்த தலை மட்டும் தொடையைத் தூக்குவதற்கும் உதவும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் உட்கார்ந்தவன் எழுவது அதனால்தான். நடக்கும்போது ஊன்றிய கால் சட்டென்று மடங்கிவிடாமல் நிற்பது அதனால்தான். குழித்தறியில் இருந்து நெசவாளி மேலே ஏறி வருவதும், நீ கிளச்சை மிதிப்பதும் அதனால்தான். படி ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதற்குப் பெரிய சோதனை. இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கி, முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கவிட வேண்டும். தசை பலவீனமானால் முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கும். ஆள் அப்படியே உட்கார்ந்துவிடுவான், அல்லது விழுவான். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. தொடையின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பின்னால் தள்ளினால் முழங்கால் நேராகிப் பூட்டிக்கொள்ளும். தசை செய்ய வேண்டியதைக் கை செய்யும். யாரும் சொல்லித்தர வேண்டாம். விழுந்து விழுந்து எழுந்த கை அதைத் தானாகவே கற்றுக்கொள்ளும். ஊரார் துரை நடை என்று கொண்டாடியது இதைத்தான். புத்தகத்தில் இதற்கு ஒரு படம் போட்டிருந்தது. படத்தில் இருந்தவன் வெள்ளைக்காரன். ஆனால் நின்ற நிலை என் அப்பாவுடையது.

அந்த வருஷம் லீவுக்கு வந்தபோது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அப்பாவின் கால்களை நானே தேய்த்துவிடுகிறேன் என்றேன். படித்த மகன் பணிவிடை செய்கிறான் என்று அவருக்கு மகிழ்ச்சி. நல்ல தொடையில் முழங்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கத்தில், அந்த நான்கில் ஒன்று மாங்கொட்டை போலத் திரண்டு நிற்கும். கால் நீட்டி இறுக்கினால் கையில் கல் மாதிரி தட்டுப்படும். அப்பாவை இறுக்கச் சொன்னேன். இறுக்கினார். என் விரல் குழிக்குள் இறங்கியது. எண்ணெய் அந்தக் குழியில் தேங்கி நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "எத்தனை வருசமா இப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன். என் கையைத் தள்ளிவிட்டு, "எங்கப்பனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. உனக்கு எண்ணெய் தேய்க்கத் தெரிஞ்சாத் தேயி, இல்லீன்னா எந்திரிச்சுப் போ" என்றார். நான் தேய்த்தேன். பட்டணத்துக்குத் திரும்பி என் ஆசிரியரிடம் கேட்டேன். இது குலத்தில் இறங்குகிற நோய், மருந்து இல்லை என்றார். அத்தோடு விடாமல், முடிந்தால் உன் அப்பாவையும் அண்ணனையும் அழைத்து வா, வகுப்புக்குக் காட்டலாம் என்றும் சொன்னார். அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் செய்ய நினைத்ததைவிடக் கேவலமானதை நான் செய்தேன்.

நான் படிப்பு முடித்து வந்த வருஷம் அது. உன் அத்தையைப் புதுச்சத்திரத்தில் கொடுப்பதாகப் பேசி உறுதி செய்திருந்தோம். உன் பெரியப்பா தெருவிலுள்ள பதினோரு வீட்டுத் துணியையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மண்டிக்குக் கொண்டுபோனார். தெருவைவிடத் தாழ்ந்திருந்த மண்டியின் படியில் இறங்கும்போது முழங்கால் மடங்கியது. தலையில் மூட்டையைப் பிடித்திருந்ததால் இரண்டு கையும் தொடைக்கு வர முடியவில்லை. மூட்டையோடு சாக்கடையில் விழுந்தார். பதினோரு வீட்டு உழைப்பும் கறுப்பாயிற்று. மண்டிக்காரர் தன் வாசலில் குடிகாரன் விழுந்தான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் சாயங்காலம் கோவில் வாசலில் ஊர் கூடியது. மாப்பிள்ளை வீட்டாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் குடிக்கவில்லை என்றார். "குடிக்காதவன் வெயில்ல, வறண்ட படியில, எப்படிங்க விழுவான்?" என்று கேட்டார்கள். அதற்கான பதில் என்னிடம் இருந்தது.

பெரியவர் ஒருவர் என்னைக் காட்டி, "நம்ம துரை ஊட்டுச் சின்னவரு டாக்டருக்குப் படிச்சிருக்கறாருங்க. நேத்து அண்ணனைத் தொட்டுப் பாத்தவரு அவருதான். என்னன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா முடிஞ்சு போச்சு" என்றார். காகிதமும் பேனாவும் என் மடிக்கு வந்தன. அப்பா என் பக்கத்தில் குனிந்தார். "குடிச்சான்னு எழுதிரு சாமி. குடிய ஊரு ரெண்டு மாசத்துல மறந்துரும். காலு நோவுன்னு எழுதினீன்னா உந்தங்கச்சிய எவன் கட்டுவான்? உம்பொண்டாட்டி வவுத்துல இருக்கறதுக்கு நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" அந்த வயிற்றில் இருந்தது நீ. நான் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. "எழுதிக் குடு சாமி. புள்ள கலியாணம் நிக்க வேண்டாம்" என்றார். எழுதினேன். குடித்திருந்தார் என்று நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதி, பெயரும் பட்டமும் போட்டுக் கையெழுத்திட்டேன். படித்து முடித்த பிறகு நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

ஊர் விதித்த தண்டனை, சபை முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழ வேண்டும் என்பது. அண்ணன் விழுந்தார். எழ முடியவில்லை. முதலில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்கினார். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தார். இன்னொரு கையையும் வைத்தார். ஏணியில் ஏறுவதுபோல் தன் தொடையிலேயே கையை மாற்றி மாற்றி மேலே வைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறி நிமிர்ந்தார். புத்தகத்தில் அடுத்த பக்கத்துப் படம் அது. சபையில் சிரிப்பு எழுந்தது. "இன்னும் போதை எறங்கலீங்க போல" என்றான் ஒருவன். "துரைக்கு ரெண்டு பேரு கை குடுங்கப்பா" என்றான் இன்னொருவன். நான் கை கொடுக்கப் போகவில்லை. போனால் ஏன் போனேன் என்று கேட்பார்களோ என்று பயம். உன் அத்தையின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அப்பா சொன்னது ஒன்றுதான் தப்பாகப் போயிற்று. ஊர் மறக்கவில்லை. அண்ணன் தன் மாமனார் ஊரான ராசிபுரம் போய்விட்டார். நான்கு வருஷம் கழித்து அங்கே கிணற்றுப் படியில் இறங்கும்போது விழுந்து செத்தார். குடித்துவிட்டு விழுந்தார் என்றுதான் அங்கும் பேசிக்கொண்டார்கள். இறங்குவதில்தான் சோதனை என்று மேலே எழுதினேனே. உன் பெரியம்மா எழவு வீட்டில் எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்து நின்றாள். "மோரத் தவுர ஒண்ணையும் தொடாத மனுசனுங்க. நீங்க படிச்சவரு, உங்க கையெழுத்துக்கு மருவாதி இருக்குது. செத்துப் போனவருக்குத்தான் இல்லாமப் போச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவள் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஊர்மேல், மண்டிக்காரர்மேல், அப்பாமேல் எனக்கு வன்மம் உண்டு. ஒருவரையும் நான் மறக்கவில்லை. உன் அம்மா போன பிறகு பன்னிரண்டு வயதில் உன்னை அத்தை வீட்டில் விட்டேன். நீ அவர்கள் பிள்ளையாகவே வளர்ந்தாய் என்று உன் அத்தை புருஷன்மேலும் பொறாமைப்பட்டேன். நீ படிப்பை விட்டுப் பஸ் ஓட்டப் போனபோது, நீ என் மகனே இல்லை என்று சொன்னேன். அதற்கு நீ தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். நான் உன்னை டாக்டராக்க விரும்பியது கௌரவத்துக்காக என்று நீ நினைத்தாய். அதுவும் உண்டு. ஆனால் நீயே ஒரு தொடையை அறுத்துப் பார்த்தால், நான் வாயால் சொல்ல வேண்டியிருக்காது என்பதுதான் பெரிய காரணம். சொல்லாமல் தப்பிக்க உன் ஆயுளையே செலவழிக்கப் பார்த்தேன்.

புதுச்சத்திரத்தில் அன்று உன் பஸ் போன பிறகு உன் அத்தை வீட்டுக்கும் போனேன். அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்கண்ணா, இப்பத்தான் ஊடு தெரிஞ்சுதுங்களா?" என்று எழப் பார்த்தாள். ஒரு கை தரைக்குப் போயிற்று, இன்னொரு கை முழங்காலுக்குப் போயிற்று. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வயசாச்சுங்கண்ணா, முன்ன மாதிரி இல்லீங்க" என்று சிரித்தாள். அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பிறகுதான், "நம்ம பையனுக்கே நம்ம புள்ளயக் கட்டிரலாம்னு இருக்கறோமுங்க. வெளிய எங்கியோ குடுக்கறதுக்கு உரிமையுள்ள எடத்துலயே இருக்கட்டும்" என்றாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. தண்ணீர் கொண்டு வந்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வாசல் படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தாள். அந்தச் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, சரிம்மா, பார்க்கலாம் என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்து வாயை மூடினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவும் அன்றைக்கு இப்படித்தான் ஒரு நல்ல காரணம் வைத்திருந்தார்.

அதனால் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதைப் படித்த அன்றே, பகலில், தனியாக இருக்கும்போது செய். ஒரு தாழ்ந்த பலகையில் உட்கார். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொள். பக்கத்தில் தூணோ சுவரோ இருக்கக் கூடாது. கையை ஊன்றாமல் எழுந்து பார். ஒரு தடவை எழுந்துவிட்டதும் தப்பித்தோம் என்று நினைக்காதே. பத்துத் தடவை எழு. அதற்குப் பிறகு ஒரு பாவு நூலை எடுத்து, முட்டிச் சில்லுக்கு ஒரு சாண் மேலே இரண்டு தொடையையும் சுற்றி அளந்து பார். நீ நாள் முழுவதும் கிளச் மிதிக்கிறவன். அந்தக் கரி பஸ்ஸின் கிளச் எவ்வளவு கெட்டி என்று டீக்கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். உழைக்கிற தொடை பருக்கும். உன் இடது தொடை வலதைவிடப் பருத்திருந்தால் நான் கிடந்து பயந்ததெல்லாம் வீண், நீ தாத்தாவைப்போல நடிக்கிற விளையாட்டுப் பிள்ளை. நான் பட்ட பாட்டை நினைத்து நீ எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள். இடது தொடை இளைத்திருந்தால், கடைசியாக, காலை நீட்டி இறுக்கி, முழங்காலுக்கு மேலே உட்பக்கத்தில் விரலை வை. கல் தட்டுப்படுகிறதா, குழி தட்டுப்படுகிறதா என்பது போதும்.

குழி தட்டுப்பட்டால் அன்றைக்கே பஸ்ஸை விட்டு இறங்கிவிடு. உன் முதலாளி என்ன சொன்னாலும், கண்டக்டர் என்ன கேலி செய்தாலும், மறுநாள் ஏறாதே. ஒரு இறக்கத்தில் உன் கால் கிளச்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் மடங்கினால், உன்னோடு முப்பது பேர் போவார்கள். அந்தக் கிழவியும் ஒரு நாள் அதில் இருப்பாள். கால் நோவு என்று உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கு. வேறு எந்தக் காரணமும் சொல்லாதே. குடி என்று யாராவது சொன்னால் சபையில் நின்று இல்லை என்று சொல்.

கல்யாணத்தைப் பற்றி நான் கட்டளையிட மாட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்த நோய் நம் ரத்தத்தில் இறங்குகிறது. என் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து எங்களுக்கும் வந்தது. அண்ணனுக்கு அப்பாவைவிடச் சீக்கிரம் வந்தது. உன் பக்கமும் அந்த ரத்தம், அவள் பக்கமும் அந்த ரத்தம். இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எந்தப் புத்தகமும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வராத அளவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறது. நீ மட்டும் முடிவு செய்யாதே. உன் அத்தையிடமோ அவள் புருஷனிடமோ முதலில் கொண்டுபோகாதே. அவர்கள் பெற்றவர்கள், நாங்கள் செய்ததையே செய்வார்கள். அந்தப் பெண்ணிடம் சொல். அவளையும் பலகையில் உட்கார்ந்து எழச் சொல். அவளும் நீயும் பேசி முடிவு செய்யுங்கள். சொன்ன பிறகும் அவள் உன்னைத்தான் கட்டுவேன் என்றால் அது அவள் தெரிந்து எடுத்த முடிவு. எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை. உன் அம்மாவுக்கும் கிடைக்கவில்லை. நான் அவளிடமும் சொல்லவில்லை.

இன்று காலை இதை எழுத உட்காரும் முன் அந்தச் சோதனையை நானே செய்து பார்த்தேன். உன்னைச் செய்யச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கதவைத் தாழிட்டு, மருந்து அரைக்கிறவன் உட்காரும் பலகையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டேன். முதல் தடவை எழுந்தேன். இரண்டாம் தடவை எழும்போது கால் நடுங்கியது. மூன்றாம் தடவை பாதியில் நின்று, திரும்பப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையை ஊன்றித்தான் எழுந்தேன். எத்தனை மாதமாக என் கை தொடைக்குப் போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் படியில் என்னைப் பார்த்து நோயாளிகள் எழுந்து நிற்பது என் உத்தியோகத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் துரை நடையைப் பார்த்துத்தான்.

முதலில் இதன் அடியில் பெயரும் பட்டமும் போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். போடவில்லை. நான் பெயர் போட்டால் இது ஒரு டாக்டர் எழுதிய சான்றாகிவிடும். இந்தக் காகிதம் கை மாறி ஊர் சபைக்குப் போனால், உன் அத்தையின் மூன்று பெண்களையும் அது வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். அதனால்தான் ஒருவர் பெயரையும் நான் எழுதவில்லை. என் கையெழுத்தைப் பார்த்து உண்மை என்று நம்பிய ஒரு சபையை நான் பார்த்திருக்கிறேன். நீ அப்படி நம்ப வேண்டாம். இதில் எழுதியிருப்பதை உன் தொடையில் கை வைத்துச் சரிபார்த்துக்கொள். யார் எழுதியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தபாலாபீஸுக்கு இறங்க ஏழு படி. பியூனிடம் கொடுத்து அனுப்பப் போவதில்லை, நானே கொண்டுபோகிறேன். கடிதத்தை வலது கையில் பிடித்துக்கொள்வேன். கீழே போய்ச் சேரும்வரை அந்தக் கை தொடைக்குப் போகக் கூடாது.